கூரை வேற, எஞ்சின் வேற

வாங்க, உள்ள வாங்க. மொளகா அரைச்சுட்டு இருக்கறனுங்க, நெடி அடிக்கும். அந்த ஸ்டூலை இக்கட்ட இழுத்துப் போட்டு உக்காருங்க. மூக்கைத் துண்டுல பொத்திக்குங்க, தப்பில்லை.

காருக்குத்தான வந்தீங்க? தெரியுதுங்க. மாவு அரைக்க வர்றவங்க போசி பாத்திரத்தோட வருவாங்க. நீங்க வெறுங்கையோட வந்து ஷெட்டையே எட்டி எட்டிப் பாக்கறீங்க. எங்கண்ணன் பையன் கல்யாண வீடியோவைப் பாத்துட்டு இப்படித்தான் ஒவ்வொருத்தரா வர்றாங்க. எந்த ஊருங்க? உடுமலையா. பொண்ணு கல்யாணமா. சந்தோசமுங்க.

வண்டி வரும். ஆனா ஓட்டறது நாந்தான். இப்பவே சொல்லிப்புடறேன். உங்க டிரைவர்கிட்டச் சாவி குடுக்க மாட்டேன். மாப்பிள்ளைகிட்டக் குடுக்க மாட்டேன். போட்டோ புடிக்கறவன் ஒருத்தன் போன மாசம் வந்து, "அம்மா, நீங்க தலையைக் கொஞ்சம் குனிஞ்சுக்குங்க, படத்துல விழாத மாதிரி ஓட்டுங்க"ங்கறான். நான் எதுக்குடா குனியோணும், நீ கேமராவைத் திருப்பிக்கடான்னுட்டேன்.

வசந்தாமணியா, அவ வீம்புக்காரின்னு வர்ற வழியில டீக்கடையில சொல்லியிருப்பாங்களே. சொல்லட்டும். நீங்க முழுசாக் கேட்டுட்டு அப்பறம் சொல்லுங்க, இது வீம்பா என்னன்னு.

அது ஸ்டாண்டர்டு ஹெரால்டுங்க. ரெண்டே கதவு. எங்கப்பா வாங்கறப்ப எனக்கு ரெண்டு வயசு. இந்தப் பக்கம் அப்ப கார் இருந்ததே மூணு ஊட்டுலதான். அதுல எங்களுது ஒண்ணு. காலையில அப்பா அதைத் துடைப்பாரு பாருங்க, கொழந்தைக்குத் தலை தொவட்டற மாதிரி. நானும் அண்ணனும் ரெண்டு பக்கம் நின்னு பாப்போம். கிட்ட வராதீங்க, கைரேகை படும்பாரு. அண்ணனுக்குப் பதினேழு வயசானதும் தோப்புக்குள்ளயே ஓட்டச் சொல்லிக் குடுத்தாரு. நான் வரப்புல உக்காந்து பாத்துட்டே இருப்பேன். கிளச்சு எப்ப மிதிக்கறாரு, கியர் எப்ப மாத்தறாரு, எல்லாம் எனக்கு மனப்பாடம். எனக்கும் சொல்லிக் குடுத்திருப்பாரு. அப்ப காலு எட்டலை. காலு எட்டறதுக்குள்ள கல்யாணம் பண்ணி அனுப்பிட்டாங்க.

அப்பாவுக்கு வண்டி மேல அத்தனை பாசம். என்ற மூத்த பொண்ணு பொறக்கறப்ப அம்மா ஊட்டுலதான் இருந்தேன். ஐப்பசி மழை, கொட்டுது. வலி எடுத்துருச்சு. அண்ணன் ஓடிப் போய்க் கார் சாவியைக் கேக்கறாரு. அப்பா ஒரு நிமிசம் யோசிச்சுட்டு, "சீட்டு இப்பத்தான் புதுசாத் தெச்சது, டிராக்டர்ல கூட்டிட்டுப் போ"ன்னாரு. சரிதானுங்களே. ரெக்சின்ல கறை பட்டா போவுமா? டிரெய்லர்ல வைக்கலைப் போட்டுப் படுக்க வச்சு, மேல சாக்கைப் புடிச்சுட்டுப் பொள்ளாச்சி வரைக்கும் போனோம். சாக்கைப் புடிச்சுட்டு வந்தது நங்கையா. எங்கண்ணன் சம்சாரமுங்க, கமலவேணின்னு பேரு. ஆஸ்பத்திரில பதினோரு நாள் அவதான் கூட இருந்தா. வேற ஆளு யாரும் இல்லை, அதனால இருந்தா. அதை ஒண்ணும் பெருசாச் சொல்ல வேண்டியதில்லை.

ஏன்னா எல்லாக் கெடுதலுக்கும் மூலம் அவதானுங்க.

கேளுங்க. எங்கண்ணன் கல்யாணத்துல இணைச்சீருக்கு நின்னவ நான். உங்களுக்குத் தெரியாததா, மாப்பிள்ளைக்குப் பக்கத்துல கூடப்பொறந்தவளை நிறுத்திச் செய்யற சீர். அத்தனை ஒறம்பரை சொந்தபந்தத்துக்கு முன்னால, இவளும் இவனும் ஒண்ணுன்னு காட்டற சீர். அப்படி நின்னவளை, பொம்பளைப் புள்ளைக்கும் சொத்துல பங்குண்டுன்னு ஊருக்குள்ள பேச்சு வந்ததும், வான்னு ஒரு நாள் கூப்பிட்டாங்க. விடுதலைப் பத்திரம். எனக்கு ஒண்ணும் வேண்டாம், எல்லாம் அண்ணனுக்கேன்னு கையெழுத்துப் போடோணும். அப்பாதான் பத்திரத்தைத் தன் கைப்பட எழுதியிருந்தாரு. என்ன எழுத்துங்க அது, முத்து முத்தா. எழுபத்தஞ்சு வயசுல கண்ணாடி போடாம எழுதினாரு. "இங்க போடு அம்மணி"ன்னாரு. படிக்காமப் போட்டேன். அப்பா காட்டின எடத்துல படிச்சுப் பாத்தா போடுவாங்க? திரும்பி வர்றப்ப ஒரு நெகமம் சேலை எடுத்துக் குடுத்தாரு.

அதெல்லாம் நங்கையா சொல்லிக் குடுத்துச் செஞ்சது. எங்கப்பாவுக்கு அந்தப் புத்தியே வராது.

என்னங்க கேட்டீங்க? அவ சொல்லி அப்பா கேப்பாரான்னா? கேக்க மாட்டாரு, அவரு யாரு சொல்லியும் கேட்டதில்லை. ஆனா அவ எப்படியோ சொல்லியிருப்பா. இந்தா பாருங்க, கார் வேணும்னா கார் பத்திப் பேசுங்க. எங்கப்பாவைப் பத்திப் பேசறதா இருந்தா டீ சொல்லியிருக்கறேன், அதைக் குடிச்சுட்டுப் பொறப்புடுங்க.

சரி, உக்காருங்க. நெடி எனக்கே கண்ணுல தண்ணி வருது.

அப்பாவுக்கு வயசாச்சு, ஓட்டறதை நிறுத்திட்டாரு. அண்ணன் புது வண்டி வாங்கிட்டாரு. ஹெரால்டைத் தோப்புக்குள்ள ஓலைக் கொட்டாயில விட்டதுதான். பத்தொம்போது வருசமுங்க. ஒரு ஆடிக் காத்துல தென்னை மரம் ஒண்ணு வேரோட சாஞ்சு கொட்டாய் மேல விழுந்துச்சு. காரோட கூரை ஸ்டியரிங்கு வரைக்கும் அமுங்கிப் போச்சு. மரத்தை அறுத்து எடுத்தாங்க, காரை யாரும் எடுக்கலை. மழையெல்லாம் உள்ள. அப்பா அந்தப் பக்கமே போகலை. அப்பறம் அவரும் போய்ச் சேந்துட்டாரு.

கருமாதி முடிஞ்ச மக்யா நாளு, அடுத்த நாளேங்க, அண்ணன் சொல்றாரு, "அந்தக் கொட்டாய் எடத்துல மாட்டுச் சாலை கட்டோணும். வண்டியை இரும்புக் கடைக்குத் தள்ளிர்றேன்." எனக்கு எங்கிருந்து வந்துச்சோ தெரியலை. "எனக்குக் குடுங்கண்ணா"ன்னுட்டேன். இருபத்தாறு வருசமா மாவு மில்லு வச்சிருக்கறவ, ஊட்டுக்காரர் போனப்பறம் ஒண்டியா இந்த மோட்டாரோட மல்லுக்கட்டறவ, ஒரு தம்ளர் தண்ணி கூட அந்த ஊட்டுல கேட்டு வாங்கினதில்லை. அன்னிக்குக் கேட்டேன். அண்ணன் சிரிச்சாரு. "எடுத்துட்டுப் போ அம்மணி, உனக்கில்லாததா"ன்னாரு. தோப்பும் ஊடும் அவருக்கு, நசுங்கின தகரம் எனக்கு. உனக்கில்லாததாங்கறாரு!

நங்கையா கதவோரமா நின்னுட்டு இருந்தா. அவளும் சிரிச்சா. சிரிக்கறாளா அழுவறாளான்னு சொல்ல முடியாத ஒரு மூஞ்சி அவளுக்கு. சிரிச்சான்னுதான் நான் எடுத்துக்கிட்டேன்.

டிராக்டர்ல கட்டி இழுத்துட்டு வந்து, பொள்ளாச்சியில ஹனீபா பாய் ஒர்க்‌ஷாப்புல எறக்கினேன். சுத்திச் சுத்திப் பாத்தாரு. உள்ள பாம்புச் சட்டை கெடந்துச்சு, அதைக் குச்சியில எடுத்து வெளிய போட்டாரு. "அக்கா, இதுல எதை ரிப்பேர் பண்றது? கூரை இல்லை, எஞ்சின் தண்ணி குடிச்சுச் செத்துப் போச்சு, தரை அரிச்சிருக்குது. உருப்படியா இருக்கறது அடிச் சட்டம், சேஸிஸ் ஒண்ணுதான்"ன்னாரு.

"சேஸிஸ் இருக்குதல்ல?"ன்னேன்.

"இருக்குது."

"அப்ப வண்டி இருக்குது பாய்."

ஸ்பானரை எடுத்துட்டு வந்துட்டாரு.

நல்ல மனுசன். அவரு சொல்லித்தான் தெரியும், ஹெரால்டுக் கூரை வெல்டு இல்லை, போல்ட்டுலதான் நிக்குது. கழட்டினா மூடி மாதிரித் தனியா வந்துரும். "இன்னொரு ஹெரால்டுக் கூரை கெடைச்சா மாட்டிரலாம், ஆனா கெடைக்காது"ன்னாரு. நான் தேடினேன். மில்லுக்கு வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் கேட்டேன். ராகி அரைக்க வந்த ஒரு அம்மா சொன்னா, குண்டடத்துக்குத் தெக்கால அவங்க சின்னம்மா காட்டுல கார் மூடி ஒண்ணு கெடக்குது, கோழிக் கூண்டுக்கு மேல போட்டிருக்காங்கன்னு.

பஸ் புடிச்சுப் போனேன். நெசமாவே ஹெரால்டுக் கூரைங்க. வானத்து நெறம். கல்லு நாலு அடுக்கி அதுமேல கவுத்து வச்சிருக்காங்க. உள்ள கோழி. அந்தம்மாகிட்ட வெசயத்தைச் சொன்னேன். தர்றேன், ஆனா இப்பத் தர முடியாதுங்கறா. ஏனுங்கன்னா, கோழி அடையில இருக்குது, கூரையை எடுத்தா முட்டையெல்லாம் கெட்டுப் போகும்ங்கறா. எப்ப வச்சீங்கன்னேன். நேத்துத்தான்னா.

இருவத்தோரு நாள்! ஒரு கோழிக்காக. ஹனீபா பாய் போன்ல சிரிக்கறாரு. சிரிங்க பாய், அது தாய்க்காரி, நான் எழுப்ப மாட்டேன்னேன். இருவத்திரெண்டாம் நாள் போனேன். பதினொரு குஞ்சு. அந்தம்மா எனக்கு டம்ளர்ல மோர் குடுத்து, ரெண்டு ஆளு புடிச்சுக் கூரையை மினி லாரில ஏத்தி உட்டா. புதுத் தகரம் ஒண்ணு வாங்கிட்டுப் போயிருந்தேன், அதைக் கூண்டு மேல போட்டுட்டுத்தான் வந்தேன்.

எஞ்சினுக்கு வந்தது இன்னொரு கெரகம். பழைய எஞ்சினைப் பிரிச்சா பிளாக்கே விரிசல். ஹெரால்டு எஞ்சின் கெடைக்குமான்னு கோயமுத்தூர் பூராத் தேடினோம். கெடைச்சது ஒண்ணும் உருப்படியில்லை. பாய்தான் சொன்னாரு, ஆம்னி வேன் எஞ்சினைப் போட்டா பொருந்தும், அதுவும் பின்சக்கரம் ஓட்டற வண்டிதான்னு. ஒரு ஆம்னி வெலைக்கு வந்துச்சு. எஞ்சின் அருமையா இருந்துச்சு, அதிகம் ஓடவே இல்லை, ஓடினதும் மெதுவாத்தான் ஓடியிருக்குது. ஏன்னு கேளுங்க. அமரர் ஊர்திங்க. ஒரு டிரஸ்ட்டுல வச்சிருந்த சவ வண்டி.

பாய் தயங்கித் தயங்கித்தான் சொன்னாரு. நான் எஞ்சினை ஓட விடச் சொல்லி, அதுமேல கைய வச்சுட்டுக் கண்ணை மூடிக் கேட்டேன். மோட்டார் சத்தத்துலயே கெடக்கறவ நான், பேரிங்கு ஒரு நூல் தேஞ்சாலும் காதுல சொல்லும். இதுல ஒரு கெட்ட சத்தமில்லை. "பாய், செத்தவங்களைக் கடைசி வரைக்கும் கொண்டு போய்ச் சேத்த எஞ்சின். நடுவழியில எவனையும் எறக்கி உட்டிருக்காது. போடுங்க"ன்னேன்.

எஞ்சின் உக்காரப் பட்டறையில தனியாத் தாங்கி அடிச்சாங்க. பின்னால போற நீளத் தண்டை லேத்துல குடுத்து அளவு மாத்தினாங்க. கியர்க் கம்பி எடம் மாறி வந்துச்சு, வளைச்சு நேராக்கினாங்க. அஞ்சு மாசம். ஆனா இப்ப அது ஓடறதைப் பாருங்க, ஓடுதா நிக்குதான்னே தெரியாது. சத்தமே இல்லை. கைய வச்சுப் பாத்தாத்தான் தெரியும்.

அப்பறம் ஆர்.சி. புக்கு. எஞ்சினை மாத்தினா அதுல ஏத்தோணும், அதுக்கு முன்னால புக்கு அப்பா பேர்ல இருந்து என் பேருக்கு வரோணும். அண்ணன் ஆட்சேபனை இல்லைன்னு எழுதிக் குடுக்கோணும். டைப் அடிச்சு எடுத்துட்டுப் போனேன். "படிச்சுப் பாத்துப் போடுங்கண்ணா"ன்னேன். "உன்னைய நம்பாம யாரை நம்பறது"ன்னு படிக்காமயே போட்டுட்டாரு. பேப்பரை நாலா மடிச்சு இடுப்புல சொருகிட்டு வந்துட்டேன்.

அம்பத்தி மூணு வயசுல டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். சொல்லிக் குடுத்த தம்பி, "இந்த வயசுல எதுக்குங்கம்மா?"ன்னான். "இந்த வயசுலதான் காலு எட்டுது"ன்னேன். ஒரே தடவையில லைசென்சு எடுத்தேன்.

பெயிண்டு அடிக்கறப்ப ஒரு சண்டை. பாடி பழையபடி சந்தன நெறம். கூரை வானத்து நெறம். எல்லாரும், கூரைக்கும் சந்தனமே அடிச்சுருங்க, ஒரே வண்டி மாதிரித் தெரியும்ங்கறாங்க. மாட்டேன்னுட்டேன். அது வேற ஒரு வண்டிலருந்து வந்தது. வந்தது வந்ததாத் தெரியட்டும். கீறலைத் தேச்சுட்டு, அதே வானத்து நெறத்தையே அடிக்கச் சொன்னேன்.

வண்டி ரெடியானதும் தெனமும் சாயங்காலம் ஓட்டிட்டுப் போவேன். எங்கண்ணன் ஊட்டு வழியாத்தான். வேற தடமும் இருக்குது, அது குண்டும் குழியும். இல்லீங்க, இப்ப நல்லாத்தான் போட்டிருக்காங்க. அப்ப குண்டும் குழியும்.

ஒரு நாள் அண்ணன் மில்லுக்கே வந்துட்டாரு. இதே ஸ்டூலுல உக்காந்தாரு.

"மகேந்திரனுக்குத் தை மாசம் கல்யாணம் வச்சிருக்குது அம்மணி. மாப்பிள்ளை அழைப்புக்கு அப்பா காரு வேணும். பையன் ஆசைப்படறான்."

"தாராளமா. நான் ஓட்டிட்டு வர்றேன்."

"நீயா?" அவரு சிரிச்சாரு. "பொண்ணூட்டுக்காரங்க பெரிய எடம். பொம்பளை ஓட்டிட்டு வந்தா என்ன நெனைப்பாங்க? சாவியைக் குடு, நம்ம டிரைவர் எடுத்துக்குவான்."

"அப்ப பெரிய எடத்துக்குத் தகுந்த மாதிரி வேற காரு பாத்துக்குங்கண்ணா."

மக்யா நாளு நங்கையா போன் பண்றா. "என்ற பையன் சவ வண்டி எஞ்சின்ல ஏற மாட்டான்"ங்கறா. அது எப்படியோ அவ காதுக்குப் போயிருச்சு. அதோட உட்டாளா? "கூரை யாரோ காருது. எஞ்சின் யாரோ காருது. இதுல மாமனார் காருன்னு சொல்ல என்ன இருக்குது?"

எனக்கு ரத்தம் கொதிச்சுது. அப்பறம் சொன்னேன், "கரெக்டு நங்கையா. இதுல உங்க மாமனாரு காரு எதுவுமே இல்லை. கூரை நான் கொண்டாந்தது, எஞ்சின் நான் வச்சது. அதனால இது என்ற காரு. இனிமேல் யாரும் அப்பா காருன்னு கேட்டு வர வேண்டாம்னு உங்க ஊட்டுக்காரர்கிட்டச் சொல்லிருங்க."

போனை வச்சுட்டுப் போய், ராகி அரைக்கற எடத்துல மொளகாயைக் கொட்டிப்புட்டேன். சந்தோசத்துலதானுங்க.

அவங்க திருப்பூர்ல இருந்து மேல் தொறந்த பெரிய காரு ஒண்ணு வாடகைக்குக் கொண்டாந்தாங்க. எனக்குப் பத்திரிக்கை வந்துச்சு, டாக்சி அனுப்பறோம், அதுல வந்துருன்னும் சொல்லி உட்டாங்க. அதுக்கு அர்த்தம் தெரியுமல்ல? உன்ற வண்டியைக் கொண்டாராதேன்னு அர்த்தம். முகூர்த்தத்தன்னிக்கு விடியறதுக்கு முன்னாலயே எந்திரிச்சுக் குளிச்சு, பட்டுச் சேலை கட்டி, ஹெரால்டை எடுத்தேன். நேரா மண்டபத்து வாசலுக்கே போய், தோரணத்துக்குக் கீழ, ரோட்டைப் பாத்த மாதிரி நிறுத்தினேன். வாட்ச்மேன் பின்னால நிறுத்தச் சொன்னான். மாப்பிள்ளைக்கு அத்தை, அப்படித்தான் நிறுத்துவேன்னேன்.

முகூர்த்தம் ஏழரைக்குள்ள. ஆறரை இருக்கும், நான் காப்பி குடிச்சுட்டு இருந்தேன். நங்கையா ஓடி வர்றா. முட்டி வலிக்காரி, அவ ஓடி நான் பாத்ததே இல்லை. மூஞ்சியில ரத்தமே இல்லை.

"அம்மணி, தாலி ஊட்டுலயே இருக்குது."

சாமி ரூம்ல வச்சுப் பூசை பண்ணிட்டு, பத்தரமா இருக்கட்டும்னு பீரோவுல வச்சுப் பூட்டியிருக்கா. சாவி இடுப்புல. தாலி பத்து கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம், தோட்டத்துல. பைக்ல ஒரு பையனை அனுப்பலாம்னா பீரோவுல ஊட்டு நகை பூரா இருக்குது, சாவியை யாரு கையில குடுப்பா? அவளால பைக்ல ஏறவும் முடியாது. எங்கண்ணன் காருக்குப் பின்னால அம்பது வண்டி நிக்குது. அந்தத் திருப்பூர்க் காருக்குக் கண்ணாடி பூரா மல்லிகைப் பூ, டிரைவருக்கு ரோடே தெரியாது. வெளிய போற மாதிரி நின்ன வண்டி ஒண்ணே ஒண்ணுதான்.

"எடு அம்மணி"ன்னா.

நான் வேணும்னே ஒரு வாய் காப்பி குடிச்சேன். "சவ வண்டி எஞ்சினாச்சே"ன்னேன்.

அவ போய்க் கதவைத் தொறந்து முன்னால உக்காந்துட்டா.

எடுத்தேன். எப்படி எடுத்தேங்கறீங்க! மூணாவது கியருக்கு வர்றப்ப மண்டபமே கண்ணுல இல்லை. நங்கையா ஒரு கையில சீட்டைப் புடிச்சுட்டு, ஒரு கையில மாராப்பைப் புடிச்சுட்டு, "மெதுவாப் போ அம்மணி, மெதுவாப் போ"ங்கறா.

"மெதுவாப் போறதுக்கு இதென்ன சவ ஊர்வலமா?"ன்னேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துருச்சு. அந்த நேரத்துல சிரிக்கறா, கண்ணுல தண்ணி ஓடுது.

தோட்டத்துக்குத் திரும்பற எடத்துல செம்மறி ஆடு, எறநூறு இருக்கும், ரோடு பூரா. ஆரன் அடிச்சா கம்முனு நிக்குதுங்க. நங்கையா கண்ணாடியை எறக்கி, பட்டுச் சேலையோட தலையை வெளிய நீட்டி, "ஏய், ஓட்டுடா அக்கட்ட! என்ற பையன் கல்யாணம்!"னு போட்டா பாருங்க ஒரு சத்தம். முப்பத்தஞ்சு வருசமா அந்த ஊட்டுல அவ குரல் இத்தனை ஒசந்து நான் கேட்டதே இல்லை. ஆட்டுக்காரனே பயந்துட்டான்.

தாலியை எடுத்து மடியில வச்சுட்டு வந்து ஏறினா. திரும்பி வர்றப்ப மடியில தாலியைத் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டே இருந்தா. அப்பறம், "இந்த வண்டியில நான் முன்னால உக்காந்ததே இல்லை அம்மணி. மாமா இருந்த வரைக்கும் பின்னாலயே ரெண்டு தரந்தான்"னா. நான் ரோட்டைப் பாத்து ஓட்டிட்டு இருந்தேன். மறுபடி சொல்றா, "பத்திரம் எழுதறப்ப நான் மாமாகிட்டக் கேட்டேன். வசந்தாமணிக்குத் தோப்புல ஒரு பாதியாவது எழுதுங்கன்னு. அதுக்கு அவரு..."

அதுக்கு மேல என்ன சொன்னான்னு எனக்குத் தெரியாதுங்க. வண்டிச் சத்தத்துல காதுல விழலை.

என்னங்க? ஆமா, சத்தமே இல்லைன்னுதான் சொன்னேன். சன்னலு தொறந்திருந்துச்சு. காத்து. காத்துச் சத்தத்துல என்ன கேக்கும்? அவ மறுபடியும் சொல்லலை. நானும் கேக்கலை. எதுக்குக் கேக்கோணும்?

ஏழு அஞ்சுக்கெல்லாம் மண்டபம். தாலி கட்டியாச்சு. அட்சதை போடறப்பத்தான் பாத்தேன், கியர்க் கம்பியில இருந்து என்ற கையில பூராக் கிரீசு, அப்படியே போட்டேன்.

பந்தி முடிஞ்சு எங்கண்ணன் வெளிய வந்தாரு. வண்டியைச் சுத்தி வந்தாரு. கூரை மேல கைய வச்சாரு. அந்த வானத்து நெறத்தை நகத்தால சொரண்டிப் பாத்தாரு. "நல்லா ஓடுதா?"ன்னாரு. உங்க சம்சாரத்தைக் கேளுங்கன்னேன். "சாவியைக் குடு, ஒரு சுத்துச் சுத்திட்டு வர்றேன்"ன்னு கைய நீட்டினாரு. சின்ன வயசுல அப்பாகிட்ட நீட்டுவாரே, அதே மாதிரி.

"ஏறி உக்காருங்கண்ணா, நான் கூட்டிட்டுப் போறேன்"ன்னேன்.

சுத்தியும் ஒறம்பரை நிக்குது. பொண்ணூட்டுப் பெரிய எடமும் நிக்குது. எங்கண்ணனுக்குக் காது செவந்து போச்சு. நான் ஓட்டப் பக்கத்துல உக்கார வெக்கம் போல, பின்னால உக்கார்றேன்னாரு. ரெண்டு கதவு வண்டியல்லீங்களா, பின்னால போகோணும்னா முன்சீட்டை மடிச்சுக் குனிஞ்சுதான் போகோணும். குனிஞ்சு போனாரு. பொள்ளாச்சியை ஒரு சுத்துச் சுத்திக் கொண்டாந்து மண்டபத்துல எறக்கி உட்டேன். எறங்கறப்ப, "நல்லா ஓட்டற அம்மணி"ன்னாரு. அப்பா இருந்திருந்தா அவருந்தான் சொல்லியிருப்பாரு. சொல்லியிருப்பாருங்க. எனக்குத் தெரியும்.

இதுதானுங்க கதை. இப்பச் சொல்லுங்க, வீம்பா? சரி, அதை உடுங்க. கல்யாணத் தேதி என்னைக்கு? வியாழக்கிழமைங்களா? வியாழன்னா வண்டி வராதுங்க. வேற எந்தக் கிழமையும் வரும். வியாழக்கிழமை நங்கையாளை முட்டிக்குக் கரண்டு வைக்கப் பொள்ளாச்சி கூட்டிட்டுப் போகோணும். எங்கண்ணன் காரு ஒசரம், அவளால ஏற முடியாது. இது தாழ்வா இருக்குது, அதுக்காகத்தான். மத்தபடி அவ செஞ்சதை எல்லாம் நான் மன்னிச்சுட்டேன்னு நெனைச்சுக்காதீங்க. மன்னிக்கவே இல்லை. அவகிட்டயே வாராவாரம் சொல்லிட்டுத்தான் இருக்கேன்.

முகூர்த்தம் எத்தனை மணிக்கு? விடியால அஞ்சரைக்கா. அப்ப சரி, அவளுக்குப் பத்து மணிக்குத்தான். முடிச்சுட்டுப் போயிக்கறேன். வர்றேன்னு எழுதிக்குங்க.

இன்னிக்கும் வியாழன்தான், நேரமாச்சு. மில்லை நிறுத்திட்டு வந்தர்றேன், உங்களையும் பஸ் ஸ்டாண்டுல எறக்கி உட்டர்றேன். இல்லீங்க, முன்சீட்டு வேண்டாம். சீட்டை மடிச்சுட்டுப் பின்னால போயிருங்க. முன்னால அவ உக்காருவா.